வழியில் எதிர்ப்பட்டவர்கள்: ஊட்னடாட்டா தடமும் அதற்கு அப்பாலும்

அடிலெய்டுவாசி:

ஜூலை பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு, தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில் இருக்கிற ஊட்னடாட்டா தடம் போய் வந்தோம். மாரீயில் ஆரம்பித்து மார்லாவில் முடிகிற செம்மண் சாலை, சுமார் 620 கி.மீ. எங்கே தங்குவது, எங்கே டீசல் போடுவது என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது வழியில் எதிர்ப்பட்ட ஆட்களைப் பற்றித்தான். நீங்கள் யாரையெல்லாம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

மாரீயில் டயர் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். 38 பிஎஸ்ஐ இருந்ததை 28 ஆக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். கேட்காமலே தன் சட்டைப்பையிலிருந்து அளவுமானியை எடுத்து நாலு டயரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "காற்று சரி. வேகத்தையும் இறக்கு. காற்று குறைந்த டயரை வேகமாக ஓட்டினால் சூடேறிக் கிழியும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். அடிலெய்டு என்றேன். அதற்கு முன்னே? திருநெல்வேலி. சிரித்துவிட்டு, தன் பாட்டனாருடைய அப்பா ஒட்டகக்காரர், பெஷாவர் பக்கத்து ஆள் என்றார். ரயிலும் லாரியும் வராத காலத்தில் இந்த நாட்டின் உள்பகுதிக்குச் சாமான் சுமந்தது அவர்களுடைய ஒட்டகங்கள்தான். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் "ஆப்கான்" என்று அழைத்தார்கள். அடிலெய்டிலிருந்து வடக்கே போகிற கான் ரயிலுக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான். மாரீ வழியாகப் போன அதன் பழைய பாதை 1980-இல் கைவிடப்பட்டது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், அந்தப் பக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடி மக்களும் என்று ஊரே பிரிந்து கிடந்ததாம். அவர்கள் தொழுத மசூதியின் மாதிரி ஒன்றை இப்போது கட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டு என்று வழி சொன்னார். போய்ப் பார்த்தோம். பெரியவள் அதற்கப்புறம் வழியில் கேட்டதெல்லாம் ஒட்டகத்தைப் பற்றித்தான்.

மாரீ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிங்கோ வேலி குறுக்கே வரும். டிங்கோ என்கிற காட்டு நாய் ஆட்டுப் பக்கம் வராமல் தடுக்கப் போட்டது. மொத்தம் 5,600 கி.மீ. நீளம், ஆனால் பக்கத்தில் போனால் சாதாரண கம்பி வலைதான். வேலிக்குத் தெற்கே ஆடு, வடக்கே மாடு. நாங்கள் பார்த்த ஒரே டிங்கோ சரியாக மாட்டுப் பக்கம்தான் நின்றது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அடுத்து பப்ளர் ஊற்று. சுற்றிலும் உப்புப் பூத்த வெற்று நிலம், நடுவில் ஒரு மேடு, மேட்டின் உச்சியில் வட்டமாகத் தண்ணீர். அடியிலிருந்து சேறும் மணலும் சுருண்டு சுருண்டு மேலே வந்து அமிழ்கின்றன, உலையில் பருப்பு கொதிக்கிற மாதிரி. கிழக்கே எங்கோ பெய்த மழை பூமிக்கு அடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து வந்து இங்கே எட்டிப் பார்க்கிறது. இந்த ஊற்றுகள் இல்லாவிட்டால் தந்திக் கம்பியும் ரயிலும் இந்த வழியில் வந்திருக்கவே முடியாது. இரண்டும் ஊற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் போயிருக்கின்றன. அங்கே நின்ற ஒரு அம்மா, நிலம் அரபானா மக்களுடையது என்றும், பக்கத்திலிருக்கிற கட்டி தாண்டா (ஐர்) உப்பு ஏரிப் படுகையில் கால் வைக்க வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள் என்றும் பிள்ளைகளிடம் பொறுமையாகச் சொன்னார். சின்னவனுக்கு உப்பில் ஓட வேண்டும் என்று ஆசை. கரையில் நின்று பார்த்ததோடு சரி.

மெல்பேர்ன் அக்கா:

நாங்களும் அதே றோட்டாலதான் போனனாங்கள், ஆனா மில்டுராப் பக்கத்தால. சவுத் ஒஸ்ரேலியாவுக்குள்ள போனவுடன யாம்பா எண்ட இடத்தில வாகனத்தை மறிச்சுச் சோதிப்பினம். பழ ஈ உள்ள வராமல் இருக்கத்தான். அப்பிள், தோடம்பழம் மட்டுமில்லை, தக்காளி, கத்தரிக்காய், பச்சை மிளகாயும் அந்தப் பட்டியலில வரும். மாமி ஒரு பை நிறைய மிளகாயும் கத்தரிக்காயும் கட்டித் தந்து விட்டவ. சோதிக்க வந்த பிள்ளை நல்ல மரியாதையாக் கதைச்சுக்கொண்டே எல்லாத்தையும் தொட்டிக்குள்ள போட்டிட்டுது. பேந்து, "சமைச்சுக் கொண்டு வந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டன்" எண்டும் சொல்லிச்சுது. ஆகவே போறவை வீட்டிலேயே கத்தரிக்காயைப் பொரிச்சுக் குழம்பு வைச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. மிளகாய்க்குக் காய்ஞ்ச செத்தல் போதும்.

அந்த றோட்டில இருக்கிற வில்லியம் கிரீக்கில இரவு மழை. பெரிய மழையெண்டு சொல்ல ஏலாது, எங்கட ஊரில குடையும் பிடிக்க மாட்டம். விடியப் பார்த்தா றோட்டுப் பூட்டு. பூட்டின றோட்டில ஓடினால் தண்டம், அதுவும் சின்னத் தொகையில்லை. எனக்கு முதல் விளங்கேல்லை, உதுக்குப் போய் ஏன் பூட்டினம் எண்டு. எங்களோட மாட்டுப்பட்ட ஒரு மாட்டு லொறிக்காரர்தான் விளங்கப்படுத்தினவர். ஈரக் களியில சில்லு போனால் ஆழமாத் தடம் விழும். வெய்யில் பட்டவுடன அது கொங்கிறீற் மாதிரி இறுகிப் போகும். றோட்டைச் சமப்படுத்துற கிறேடர் வந்து வழிக்கும் மட்டும் அடுத்து வாற எல்லாரும் அந்தப் பள்ளத்துக்க விழ வேணும். ஒரு ஆளின்ர அவசரம், நூறு பேரின்ர முதுகு.

அண்டைக்கு மத்தியானம் நான் சோறும் பருப்பும் தேங்காய்ப்பால் மாவில சொதியும் வைச்சன். கரவன் இழுத்துக்கொண்டு வந்த ஒரு வயசுபோன சோடி, ஏரி பார்க்கச் சின்ன விமானம் ஓட்டுற பொடியன், லொறிக்காரர், எல்லாரும் வந்து இருந்திச்சினம். லொறிக்காரர் சொதியைக் கோப்பையில வாங்கித் தேத்தண்ணி மாதிரிக் குடிச்சார். இரண்டாந்தரமும் கேட்டார்.

பெர்த்வாசி:

நாங்கள் மேற்கே கிப் ரிவர் ரோடு. சுமார் 660 கி.மீ. முதலை இல்லாத ஆறாக இருந்தால் வண்டியை இறக்கும் முன் ஒருவர் நடந்து ஆழம் பார்ப்பதுதான் வழக்கம். பென்டகோஸ்ட் ஆற்றில் அதைச் செய்யவே கூடாது, உப்புநீர் முதலை இருக்கிறது. எங்கள் வீட்டுச் சின்னது முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டித் தயாராகிவிட்டது. எதிர்க்கரையில் காத்திருந்த வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, இரண்டு கையையும் நீட்டித் தாடை மாதிரித் திறந்து மூடிக் காட்டினார். பிறகு எங்கள் கண்ணெதிரே அவரே ஆற்றைக் கடந்து வந்தார். தண்ணீர் அவர் வண்டிச் சக்கரத்தில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து ஆழத்தைக் கணித்தோம். கடந்த பிறகு அவர் நிற்கக்கூட இல்லை, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அலீஸ் ஸ்பிரிங்ஸ் செவிலி:

ஆட்களைப் பற்றி என்றால் எனக்கு ஒரு பண்ணைக்கார அம்மாதான் நினைவுக்கு வருகிறார். பிளென்டி ஹைவேயில் போகும்போது என் மகனுக்கு ராத்திரியெல்லாம் காதுவலி, காய்ச்சல். நானே செவிலிதான், ஆனால் கையில் பாராசிட்டமால் தவிர ஒன்றும் இல்லை. அந்த அம்மா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். பறக்கும் டாக்டர் சேவையின் மருந்துப் பெட்டி. 1942 முதல் தொலைதூர இடங்களில் வைக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். போனில் டாக்டர் குழந்தையின் எடை, வயது, ஒவ்வாமை எல்லாம் கேட்டுவிட்டு, இன்ன எண்ணில் இவ்வளவு கொடு என்றார். அம்மா எண்ணைத் திரும்பச் சொன்னார், புட்டியைக் காட்டி என்னையும் படிக்கச் சொன்னார், நோட்டில் எழுதினார். என் ஆஸ்பத்திரியில்கூட எல்லா நாளும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

திரும்பி வரும்போது பானெட்டைத் திறந்து வைத்து ஒரு குடும்பம் நின்றது. நவம்பர் கடைசி, நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்பா ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பண்ணை வரை நடக்கப் புறப்பட்டிருந்தார். அவரை வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து விட்டதுதான் நான் அங்கே செய்த ஒரே உருப்படியான வேலை. வண்டியை விட்டு நகராதீர்கள். மேலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும், நடக்கிற ஆள் தெரிய மாட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வையுங்கள், அதை ஒரே தொட்டியில் வைக்காதீர்கள்.

பிரிஸ்பேன் மணல்:

சிம்ப்சன் பாலைவனத்தில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னே குரலைக் கேட்டுவிடுவோம். 1,100-க்கு மேல் மணல்மேடுகள், எல்லாம் வரிசையாக. உச்சிக்கு ஏறும்போது முன்னால் வானம் மட்டும்தான் தெரியும், எதிரே ஒருவர் ஏறிக்கொண்டிருந்தால் தலையோடு தலை மோதல்தான். அதனால்தான் நீளமான கம்பில் கொடி கட்டச் சொல்கிறார்கள், வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் 10-ஆம் அலைவரிசையைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். "மேற்கேயிருந்து மூன்று வண்டி வருகிறது" என்று ஒரு குரல் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நேரில் பார்த்தபோது அது எழுபது வயதுப் பாட்டி. எங்கள் டயரைப் பார்த்து, இன்னும் காற்றை இறக்கு என்றார். 16 பிஎஸ்ஐக்கு இறக்கிய பிறகு வண்டி மணலில் சறுக்காமல் ஏறியது.

சிட்னி புதுசு:

அடுத்த டிசம்பரில் போகலாமா? பாம்புக்கு என்ன செய்வது?

அடிலெய்டுவாசி:

டிசம்பர் வேண்டாம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2-இல் 50.7 டிகிரி பதிவானது. சிம்ப்சன் பூங்காவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே விடுவார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். ராத்திரிக் குளிர் பூஜ்யத்துக்குப் பக்கம் வரும், நல்ல போர்வை எடுங்கள்.

குளிர்காலத்தில் நாங்கள் ஒரு பாம்பைக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தி நேரத்துக் கங்காருவும் 53 மீட்டர் நீள லாரியும்தான். அந்த லாரி எதிரே வந்தால் இடப்பக்கம் ஒதுங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புழுதி அடங்கும் வரை நில்லுங்கள். சாலை வரிவரியாக இருப்பதால் வண்டிக்குள் எல்லாம் குலுங்கும். சாம்பார்ப் பொடி டப்பாவின் மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். எங்கள் வண்டி இருக்கையில் இன்னமும் பெருங்காய வாசனை.