ஒரே உலக அரசு: பட்டிமன்றத்துக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு எங்கள் குடியிருப்புப் பட்டிமன்றத்தில் ‘உலகம் முழுவதற்கும் ஒரே அரசு வரும்’ என்ற அணியில் பேசுகிறேன். (சீட்டுக் குலுக்கலில் விழுந்தது, நானாகக் கேட்டதில்லை.)

27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் கைவசம் இருக்கிறது. 1948-இல் பாரிசில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, தன்னை உலகக் குடிமகன் என்று அறிவித்துக்கொண்ட கேரி டேவிஸ் கதையும் இருக்கிறது.

சிக்கல் ஐ.நா.வில்தான். 193 நாடுகள் உறுப்பினராக இருந்தும், பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர நாடுகளில் ஒன்று வீட்டோ போட்டால் தீர்மானம் அவ்வளவுதான். எதிரணி முதலில் இதைத்தான் எடுக்கும். எப்படிச் சமாளிப்பது? அப்புறம், உலக அரசுக்கு வரி யார் வசூலிப்பது? இதைப் பற்றித் தமிழில் எளிமையாக ஏதாவது படித்திருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.