பட்டறை விரிவாக்கம்: ‘நிலப் பயன்பாடு பொருந்தவில்லை’ என்று கோப்பு திரும்பி வந்துவிட்டது, என்ன செய்வது?

லேத்துப்பட்டறை:
வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு நகரத்தின் ஓரத்தில், 1998-ல் அப்பா போட்ட பட்டறையை நடத்தி வருகிறேன். லேத், கணினியில் ஓடும் சிஎன்சி மெஷின் இரண்டு, 24 பேர் வேலை. முன்பக்கம் 4,000 சதுர அடி ஷெட் இருக்கிறது. பின்னால் எங்கள் சொந்த இடத்திலேயே இன்னும் 3,000 சதுர அடி போட எல்லா அனுமதியையும் ஒரே இடத்தில் கேட்கும் ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பித்தேன். ‘நிலப் பயன்பாடு பொருந்தவில்லை’ என்று திரும்பிவிட்டது. முன்பக்கம் தொழில் மண்டலம்தான். அதே வேலிக்குள் இருக்கும் பின்பக்கம் எப்படி வேறாகும்? புது மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், தூக்கமே வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடக்காரர்:
முதலில் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். குறை சொல்லித் திருப்பினார்களா, நிராகரித்தே விட்டார்களா? திருப்பியிருந்தால் சரிசெய்து மறுபடி கொடுக்கலாம். நிராகரிப்பு ஆணை என்றால் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. அப்புறம், எந்தெந்த சர்வே எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்? வேலி எதையும் தீர்மானிக்காது, மண்டலம் போவது சர்வே எண்ணைப் பிடித்துத்தான்.

லேத்துப்பட்டறை:
திருப்பித்தான் இருக்கிறார்கள் சார். பழைய ஷெட் 212/2ஏ. புதியது 212/2பி-யில் 15 சென்ட், கொஞ்சம் 213/1-லும் வருகிறது. 2பி, 213/1 இரண்டுமே தொழில் மண்டலப் பட்டியலில் இல்லை என்று எழுதியிருக்கிறது. 2009-ல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோதுதான் 2ஏ, 2பி ஆனது. பிறகு 2பி-யை சித்தப்பாவிடமிருந்து நாங்களே வாங்கினோம்.

வரைபடக்காரர்:
முடிச்சு அங்கேதான் இருக்கும் போலிருக்கிறது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் பட்டியலில் இருப்பது, அது தயாரான காலத்து எண்கள். கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள், பல வருடம் நடைமுறையில் இருந்தது 1994-ம் ஆண்டுத் திட்டம். அதற்குப் பிறகு எத்தனை உட்பிரிவு நடந்திருக்கும்! உங்கள் ஊர்ப் பட்டியலில் வெறும் 212/2 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் பிள்ளை 2பி-யும் தொழில் மண்டலம்தான். அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். உட்பிரிவு ஆணை நகல், பிரிவதற்கு முந்தைய புலப்படம் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் சர்வே படம்), இப்போதைய புலப்படம், அ-பதிவேட்டு (ஊரின் நிலப் பதிவேடு) நகல் நான்கையும் எடுங்கள். பழைய படத்தின் மேல் புது எல்லையைச் சிவப்பில் வரைந்து ஒரே தாளாகக் கொடுங்கள். வாயால் விளக்கினால் கோப்பில் ஏறாது.

213/1 வேறு கதை. அது நிஜமாகவே விவசாய மண்டலமாக இருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்க வேண்டும். நாளிதழில் அறிவிப்பு, ஆட்சேபணை, கட்டணம், அரசிதழ் என்று நீளும். நஞ்சையாக இருந்தால் வேளாண் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். உங்கள் அவசரத்துக்கு அது ஒத்துவராது. கட்டடத்தை 213/1-லிருந்து முழுசாக வெளியே இழுங்கள். பக்க இடைவெளியையும் 2பி-யின் எல்லையிலிருந்தே அளந்து விடுங்கள்.

ஈரோட்டு நெசவாளி:
தம்பி, ஒன்று கேட்கிறேன். 1998 ஷெட்டுக்கு என்ன அனுமதி இருக்கிறது? எங்களுக்கு அங்கேதான் அடி விழுந்தது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மட்டும் வைத்திருந்தோம், நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் எண் இல்லை. விரிவாக்கம் கேட்டபோது, பழைய கட்டடமே அனுமதியற்றது என்று ஆகிவிட்டது. எட்டு மாதம் தறி ஓட்டுவதை விட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். 1.7.2007-க்கு முன் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். மின் இணைப்பு அட்டை, சொத்து வரி ரசீது எல்லாம் கட்டிய வருடத்துக்குச் சாட்சி. பழசு எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

வரைபடக்காரர்:
அண்ணன் சொல்வது மிகச் சரி. இன்னொன்று: புது ஷெட்டில் முலாம் பூசும் வேலை ஏதும் வருமா? வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகைக்குப் போய்விடும், மண்டலக் கேள்வியையே முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். கடைசல் வேலை மட்டும் என்றால் அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். விரிவாக்கத்துக்கு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையை, கட்டத் தொடங்கும் முன்பே கேளுங்கள். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதலும் தனியாக வேண்டும். மூன்று இடத்துக்கும் ஒரே அளவுள்ள படத்தைக் கொடுங்கள்.

லேத்துப்பட்டறை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பட்டியலில் 212/2 தொழில் மண்டலம் என்றே இருக்கிறது! பழைய புலப்படத்தோடு போனேன், பார்த்தவர் உடனே ஒத்துக்கொண்டு கோப்பிலும் குறித்துக்கொண்டார். 213/1 விவசாயம்தான், அதனால் ஷெட்டை 2,400 சதுர அடியாகக் குறைத்து மறுபடி விண்ணப்பித்துவிட்டேன். முலாம் வேலை கிடையாது. அண்ணா, நீங்கள் கேட்டதால்தான் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். 1998 ஒப்புதல் எண்ணோடு வரைபடம் அடியில் இருந்தது. ஒரே சந்தேகம்: 213/1-ல் லாரி திருப்ப மட்டும் தளம் போடலாமா?

வரைபடக்காரர்:
இப்போது வேண்டாம். பட்டறைக்காகத் தளம் போட்டாலே அதுவும் பயன்பாட்டு மாற்றம்தான் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. லாரி திரும்பும் இடத்தையும் 2ஏ-க்குள்ளேயே காட்டிவிடுங்கள். 213/1-ல் நாலு தென்னை வையுங்கள்.