இசைத்தட்டு அலமாரியைக் காலி செய்யலாமா?

மந்தைவெளிவாசி:
அடுத்த மாதம் மந்தைவெளி வாடகை வீட்டை விட்டு மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுகிறோம். அங்கே இடம் குறைவு. என்னிடம் ஏறத்தாழ 400 கேசட்டுகளும், 150 குறுந்தகடுகளும், அப்பா சேர்த்து வைத்த 60 இசைத்தட்டுகளும், ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் திரைப்பட டிவிடிகளும் இருக்கின்றன. எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது இவற்றைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புறப்படலாம் என்கிறான் மகன். வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் மனம் ஒப்பவில்லை என்பதற்கு மேல் ஒரு காரணமும் எனக்குச் சொல்ல வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

கோப்புக்காரன்:
நான் உங்கள் மகன் கட்சி. சென்னையின் கடற்காற்றும் ஈரப்பதமும் காந்த நாடாவுக்குப் பகை. ஏதாவது ஒரு கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெண்பொடி படிந்ததுபோல் தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது அழிவில்லாதது என்று நம்பியவர்கள் உண்டு. ஆனால் ஒளியைத் திருப்பியனுப்பும் அலுமினியப் படலத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே, பெயர் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய அரக்குப்பூச்சு ஒன்றுதான் இருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் படலம் கறுக்கத் தொடங்கும். கோப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆயிரமாவது நகலும் முதல் நகலைப் போலவே இருக்கும். மியூசிக் அகாடமியே பழைய கச்சேரிப் பதிவுகளை டிஜிட்டல் ஆவணமாக்கி, ரசிகர்கள் அங்கே வந்து கேட்கும்படி வைத்திருக்கிறது. சங்கீத சபைக்கே பொருந்துவது உங்கள் அலமாரிக்குப் பொருந்தாதா?

நாலாவது வரிசை:
கோப்புக்காரன் பொருளின் ஆயுளைக் கணக்கிடுகிறாரே தவிர, அது யார் வசம் இருக்கிறது என்பதைத் தொடவே இல்லை. செயலியில் "பதிவிறக்கு" என்ற பொத்தானை அழுத்தினால் பாட்டு நம் கைக்கு வந்துவிட்டது என்று மகன் நினைத்துக்கொண்டிருப்பார். ஸ்பாட்டிஃபையில் அப்படி இறக்கி வைத்த பாட்டும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் ஓடாது. 2023 மார்ச்சில் உரிம ஒப்பந்தம் முடிவாகாததால் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாடல்கள் அங்கிருந்து மறைந்தன. விங்க் மியூசிக் என்ற பாட்டுச் செயலி 2024இல் கடையையே மூடியது. படங்களின் கதையும் இதுதான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் திரையரங்குகளுக்கு வந்து, அம்மாத இறுதியில் நெட்பிளிக்ஸில் ஏறிய "அன்னபூரணி", எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில் அங்கிருந்து இறக்கப்பட்டது. அந்தப் படம் நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சில்லை. என் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு படத்தை, யார் புகார் கொடுத்தாலும், நள்ளிரவில் வந்து எவரும் எடுத்துப்போக முடியாது.

கோப்புக்காரன்:
நண்பர் இரண்டு வேறு பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டுகிறார். மாதச் சந்தாவில் கேட்பது வாடகை, அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது பூட்டில்லாத கோப்பை: குறுந்தகட்டிலிருந்து ஒலித்தரம் சற்றும் குறையாத ஃபிளாக் என்ற கோப்பு வடிவில் எடுத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்துவைப்பதை. அதை எந்த நிறுவனம் வந்து பிடுங்கும்? பூட்டு என்றால் வட்டுக்கும் பூட்டு உண்டு. டிவிடியில் இந்தியாவுக்கு 5ஆம் மண்டலம், அமெரிக்காவுக்கு 1ஆம் மண்டலம்; ஒரு மண்டலத்து வட்டை இன்னொரு மண்டலத்துப் பிளேயர் ஏற்காது. அங்கிருந்து அத்தை ஆசையாக வாங்கிவந்த டிவிடி எங்கள் வீட்டுப் பிளேயரில் கடைசிவரை ஓடவே இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கிய சொந்த வட்டு அது, ஐயா.

நாலாவது வரிசை:
அந்த ஃபிளாக் கோப்பு எங்கிருந்து வந்தது? குறுந்தகட்டிலிருந்து. அப்படியென்றால் வட்டை வைத்திருந்தவரால்தான் உங்கள் கோப்பு பிறந்தது.

கோட்டூர்புரத்துக்காரி:
இருவருமே ஆயுளைப் பற்றி ஏட்டிலிருந்து பேசுகிறீர்கள். என்னிடம் ஒரு பரிசோதனையின் முடிவு இருக்கிறது, நான் விரும்பிச் செய்த பரிசோதனை அன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. நீர் வடிந்த பிறகு சேற்றிலிருந்து எடுத்தவற்றில் குறுந்தகடுகளை வாளித் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து நிழலில் உலர்த்தினோம். பெரும்பாலானவை இன்றும் பாடுகின்றன. உறைத்தாள்கள் கூழாகிப்போயின. கேசட்டுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. மேசையின் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஹார்டு டிஸ்க், பத்து ஆண்டுப் புகைப்படங்களோடும் 3,000 பாடல்களோடும் செத்தது. அப்போது எனக்கும் கோப்பில்தான் நம்பிக்கை; இரண்டாவது நகல் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி வீட்டில் ஒரு நகல் என்று கோப்புக்காரன் எழுதியிருக்கிறாரே, அதை உண்மையாகவே செய்திருக்கிறாரா என்று அறிய விரும்புகிறேன்.

கோப்புக்காரன்:
இன்னும் இல்லை. இந்த வாரம் செய்கிறேன்.

மந்தைவெளிவாசி:
உங்கள் உரையாடலைப் படித்தபின் நேற்றிரவு இசைத்தட்டுகளை வெளியே எடுத்துப் பார்த்தேன். எனக்கு வராமலிருந்த காரணம் அட்டையின் பின்பக்கத்தில் கிடைத்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே பாடியவர் பெயரும், எழுதிய கவிஞரின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. சிறுவயதில் தட்டு சுழலும்போது அந்த அட்டையை மடியில் வைத்துப் படித்துத்தான், எந்த வரி கண்ணதாசனுடையது, எது வாலியுடையது என்று நான் பிரித்தறியப் பழகினேன். மகனின் செயலியில் அதே பாடல்களைத் தேடினேன். இசையமைப்பாளர் இருக்கிறார்; பாடகர் இருக்கிறார்; எழுதியவரைக் காண மூன்று இடங்களில் தொட வேண்டியிருந்தது, அப்படித் தொட்டும் சில பாடல்களில் அவர் இல்லை. இருவர் பாடிய ஒரு பாட்டில் பாடகியின் பெயரே விடுபட்டிருக்கிறது. "எல்லாமே கிடைக்கிறது" என்று மகன் சொன்ன அந்த எல்லாவற்றுக்குள் இவர்கள் அடங்கவில்லையே.

கோப்புக்காரன்:
இது நான் எதிர்பாராத வாதம், வலுவானதும்கூட. ஆனாலும் அட்டையின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து பாடல் கோப்போடு சேர்த்து வைத்தால் தீர்ந்துவிடுமே. இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: அந்த 400 கேசட்டுகளில் எத்தனை, பாடல் பட்டியலை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட, 90 நிமிட வெற்றுக் கேசட்டுகளில் பதிந்து வாங்கியவை? அவற்றில் கவிஞருக்கோ இசையமைப்பாளருக்கோ ஒரு காசு போயிருக்குமா? உடைமை, உரிமை என்று பேசும் நம் தலைமுறை, பர்மா பஜாரில் திருட்டு டிவிடி வாங்கிய தலைமுறையும்தான்.

மந்தைவெளிவாசி:
பாதிக்கு மேல் அப்படிப் பதிந்தவைதான். மறுக்க மாட்டேன்.

நாலாவது வரிசை:
திரைப்படத்தைப் பொறுத்தவரை தரத்தையும் சொல்லியாக வேண்டும். 4கே என்னும் மிகத் தெளிவான படத்துக்கு நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் வினாடிக்கு 15 மெகாபிட். அந்த வேகம் முழுவதையும் பயன்படுத்தினாலும் இரண்டரை மணி நேரப் படம் 17 ஜிபிக்குள் அடங்கிவிடும். 4கே ப்ளூரே வட்டிலோ 100 ஜிபி வரை இடமுண்டு. இரவுக் காட்சிகளில், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும் இடங்களில், இந்த வேறுபாட்டைச் சாதாரணக் கண்ணே கண்டுகொள்ளும்.

கோப்புக்காரன்:
கணக்கு சரி, ஆனால் அது எந்தத் தமிழ்ப் படத்துக்கு? நம் படங்களில் 4கே வட்டாக வெளிவந்தவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நமக்கு வாய்த்தது ஒரே டிவிடியில் மூன்று படங்கள், 4.7 ஜிபியை மூன்றாகப் பங்கிட்டதில் ஒரு படத்துக்கு ஒன்றரை ஜிபி சொச்சம். அதில் கதாநாயகியின் முகமே கட்டம் கட்டமாகத் தெரியும். சரி, நல்ல வட்டே கிடைத்தாலும் அதை ஓட்டக் கருவி வேண்டாமா? ஓப்போ 2018இல் விலகியது, அடுத்து சாம்சங், 2024இல் எல்ஜியும் ப்ளூரே பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. ஆண்டுக்காண்டு கருவி குறைகிறது என்பதை வட்டுக் கட்சியினர் ஒருபோதும் வாயெடுத்துச் சொல்வதில்லை.

நாலாவது வரிசை:
இப்போது சொல்கிறேன்: அது எனக்கும் கவலைதான். அதனால்தான் பழைய பிளேயர் ஒன்றை உதிரிக்கென்று வாங்கிப் பரண்மேல் போட்டிருக்கிறேன். வீட்டில் இதற்குக் கிடைத்த வசவு தனி.

மந்தைவெளிவாசி:
மகனோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு வட்டில் மூன்று படம் என்று வாங்கியவை அனைத்தும் வெளியே போகின்றன. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். இசைத்தட்டுகளும் குறுந்தகடுகளும் மேடவாக்கத்துக்கு வருகின்றன, உறைகளை ஸ்கேன் செய்யும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டான். கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பூஞ்சை பார்த்துப் பிரிக்க வேண்டும். அதற்கு டெக்கைத் திறந்தால், உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார்போல் கப்பியில் ஒட்டியிருக்கிறது. இந்த அளவு பெல்ட் இப்போது எங்கே கிடைக்கும்?

கோட்டூர்புரத்துக்காரி:
மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆனால் வெறுங்கையோடு போனால் அளவு கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கப்பிகளைத் துடைத்துவிட்டு, பெல்ட் ஓடும் பாதையில் தையல் நூலைச் சுற்றி நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்றுக் குறைந்த பெல்ட் வாங்க வேண்டும். சரியான நீளத்தில் வாங்கினால் தளர்ந்து பாட்டு இழுக்கும்.

கோப்புக்காரன்:
டெக் ஓடத் தொடங்கியதும் சொல்லுங்கள். கேசட்டிலிருந்து கணினிக்குப் பதிந்து எடுக்கும் கம்பி என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.