1967 பீட்டில்: வலப்பக்கம் திருப்பினால் இடது முன் டயர் மட்டும் மட்கார்டில் உரசுகிறது

மெதுவண்டி:
வணக்கம். என் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் 1967 மாடல், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் உருண்டை மூட்டு) முன் அச்சு, டிரம் பிரேக். வலப்பக்க வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனாலோ, திருப்பத்திலேயே பள்ளம் வந்தாலோ இடது முன் சக்கரத்தில் 'சர்ர்' என்று சத்தம் வருகிறது. வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பினால் உரசல் இல்லை. வலது டயரில் ஒன்றுமே இல்லை. டயர் 195/65 ஆர் 15, ரிம் 5.5 அங்குலம். எங்கே தொடங்குவது?

ஸ்பேனர்காரன்:
டயர்தான் பிரச்சினை. பழைய 165 மி.மீ. அகல டயருக்கே மாறிவிடுங்கள். இல்லாவிட்டால் மட்கார்டின் உள்விளிம்பை மடித்து விடுங்கள், முடிந்தது வேலை.

காற்றுக்குளிர்:
அவசரப்பட வேண்டாம். 165 ஆர் 15-இன் விட்டம் சுமார் 645 மி.மீ., 195/65-க்கு 634 தான் வரும். அதாவது உங்கள் டயர் உயரத்தில் சின்னது. அகலம்தான் 30 மி.மீ. கூடுதல், பக்கத்துக்கு 15. இடம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் டயர் மட்டும் காரணமென்றால் வலதும் உரச வேண்டுமே?

முதலில் தடத்தைப் பாருங்கள். டயரின் வெளித்தோளிலும் மட்கார்டின் உள்விளிம்பிலும் சாக்பீஸ் தடவி ஒரு சுற்று ஓட்டுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது இடது சக்கரத்தின் பின்பாதி வெளியே தள்ளும், முன்பாதி உள்ளே போகும். விளிம்பின் பின்பகுதியில் சாக்பீஸ் அழிந்திருந்தால் கணக்கு சரி. முன்பகுதியில் அழிந்திருந்தால் வேறு எதோ ஆடுகிறது. பால் ஜாயின்ட், வீல் பேரிங் இரண்டையும் ஆட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: இடது மட்கார்டு எப்போதாவது மாற்றியதா? பீட்டிலில் அது போல்ட்டில் நிற்கும் உறுப்பு. வெளிச்சந்தை மட்கார்டுகள் கோணலாக உட்காருவது ரொம்ப சகஜம்.

மெதுவண்டி:
விளிம்பின் பின்பகுதிதான். மட்கார்டு பழையதுதான், மாற்றியதில்லை. பேரிங், பால் ஜாயின்ட் எதிலும் ஆட்டம் இல்லை. சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன்: இடது பக்கம் வலதைவிட 20 மி.மீ. குறைவு. அப்படியானால் முன் டார்ஷன் பட்டைகளில் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுப் பட்டைகள்) ஒன்று உடைந்திருக்குமா?

பழையசக்கரம்:
உடைந்திருக்கலாம். ஆனால் அந்தப் பட்டைகள் இருக்கும் முன் குழாயைப் பிரிக்கும் முன் பின்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். நாலு கால் மேசையில் ஒரு கால் நீளமானால் ஆட்டம் எதிர்மூலையில்தான் தெரியும். பின் வலது உயர்ந்தால் அழுத்தம் முன் இடதுக்குத்தான் போகும்.

சோதனை எளிது. சமதளத்தில் நிறுத்துங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை நடுமையத்தில் ஒரே ஜாக்கியால், பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால் முன்பக்கத்தைச் சாய்க்க அதனால் முடியாது. முன்பக்கம் இருபுறமும் சமமாகிவிட்டால் குற்றவாளி பின்னால். இன்னும் இடது தாழ்ந்தே இருந்தால் முன்பட்டையைப் பிரியுங்கள். ஜாக்கி வெறும் ஒற்றைப் புள்ளி, அடியில் யாரும் நுழையக் கூடாது. அளந்துவிட்டு உடனே இறக்குங்கள்.

பின்பக்கம் ஏதாவது வேலை நடந்ததா?

மெதுவண்டி:
சமமாகிவிட்டது! வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. ஆம், பின் டார்ஷன் பாரின் ரப்பர் புஷ்கள் மாற்ற ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். யோசித்தால் சத்தம் அதற்குப் பிறகுதான். இந்த டயர்களோ அதற்கு வெகு முன்பிருந்தே இருக்கின்றன.

காற்றுக்குளிர்:
பாருங்கள். பின் டார்ஷன் பாரின் (முறுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுக் கம்பி) உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் 9 டிகிரி, வெளியே ஒரு பல் சுமார் 8 டிகிரி 10 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). இரண்டையும் எதிரெதிராக நகர்த்தினால் சுமார் 50 நிமிட நுண்ணிய படி கிடைக்கும். வெளியே மட்டும் ஒரு பல் தவறினால் உயரம் தாறுமாறாகும். பாரம் நீக்கி, ஸ்பிரிங் பிளேட்டின் (பாரின் வெளிமுனையிலிருந்து சக்கரப் பக்கம் போகும் தகடு) கோணத்தை இருபுறமும் அளந்து ஒப்பிடுங்கள்.

மெதுவண்டி:
அளந்தாயிற்று. வலது பக்கம் ஏறத்தாழ 8 டிகிரி கூடுதல். ஒரு பல் திருத்தி மாட்டியபின் முன் இடைவெளி இருபுறமும் ஒன்றாகிவிட்டது. அதே வளைவில் ஓட்டினேன், சத்தமே இல்லை.

பழையசக்கரம்:
நல்லது. ஸ்விங் ஆக்சில் வண்டி (பின் அச்சின் இரு பாதியும் நடுவிலிருந்து தனித்தனியே மேலும் கீழும் ஆடும்), அதனால் இறக்கியவுடன் எடுத்த அளவை நம்ப வேண்டாம். பின் சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடிந்து நிற்கும். கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் டோ (சக்கரங்கள் மேலிருந்து பார்க்கையில் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) சரிபாருங்கள். இடது டயரின் தோளில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும். ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தால் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பேனர்காரன்:
சரி, விளிம்பை மடிக்க வேண்டாம்.