ஏரி தெளிந்தது நல்லதுதானே? படகைக் கழுவச் சொல்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். கனடா-அமெரிக்க எல்லையிலுள்ள ஒன்ராறியோ ஏரியில் ஓட்டிவந்த சிறிய மோட்டார்ப் படகை வடக்கே உள்ள ஒரு சிற்றேரிக்குக் கொண்டுசெல்ல இருக்கிறேன். ஸீப்ரா, குவாகா எனும் அயல்நாட்டுச் சிப்பிகள் பரவாதிருக்கப் படகை நன்றாகக் கழுவி வரச் சொல்கிறார்கள். ஆனால், அந்தச் சிப்பிகள் வந்த பிறகே ஏரித் தண்ணீர் அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்தது என்றும் அவர்களே சொல்கிறார்கள். தண்ணீர் தெளிவது நல்லதுதானே? படகில் ஒரு சிப்பியும் என் கண்ணில் படவில்லை.

மறுமொழி:
அந்தத் தெளிவுதான் எங்கள் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டுகிறது. அதில் போவது அழுக்கு மட்டுமன்று, மீன்குஞ்சுகள் தின்னும் சிற்றுயிர்களுக்கு இரையான நுண்பாசியும்தான். வெயில் ஆழம்வரை இறங்குவதால் அடியில் இழைப்பாசி மண்டி, பிறகு கரையொதுங்கி அழுகி நாறுகிறது. கப்பல்கள் நிலைப்புக்காக நிரப்பிவந்த தண்ணீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்துசேர்ந்த ஸீப்ரா சிப்பி, 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. அங்கிருந்த நாட்டுச் சிப்பிகளின் ஓட்டின்மேலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு, அவை வாய்திறந்து இரையெடுக்க விடாமல், சில ஆண்டுகளுக்குள் அவற்றை ஏறத்தாழ இல்லாமலாக்கிவிட்டது. 1989-இல் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ நகரில், ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் குழாயே சிப்பிகளால் அடைபட்டு ஊருக்குத் தண்ணீர் நின்றுபோனது.

மறுமொழி:
கண்ணில் படவில்லை என்பதை நம்பிப் புறப்பட வேண்டாம். ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். பொரித்து வரும் இளவுயிரி வாரக்கணக்கில் தண்ணீரில் மிதந்து திரியும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. படகின் அடியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உப்புத்தாளைத் தொட்டதுபோலச் சொரசொரத்தால், அவை புதிதாக ஒட்டிய குஞ்சுச் சிப்பிகளாக இருக்கலாம். படகைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் பாசியையும் செடிகொடிகளையும் நீக்கி, அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணத்தில் 2022 முதல் சட்டம். அதன்பின் வெந்நீரால் கழுவி, சில நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் வளர்ந்த சிப்பி நீருக்கு வெளியேயும் பல நாள் உயிரோடிருக்கும். ஓர் ஏரி முழுக்கப் பரவிவிட்டால் பிறகு அதை ஒழிக்க வழியில்லை. ஆகவே தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்போதுதான் தடவிப் பார்த்தேன். அடிப்பகுதி வழவழப்பாகவே இருக்கிறது. ஆனால் மீன் போடும் பெட்டியின் மூலையில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் தேங்கியிருந்தது, நங்கூரக் கயிற்றின் முடிச்சுக்குள் பாசியும் சுற்றிக்கிடந்தது. தண்ணீரை ஏரிக்கு எட்டாத தொலைவில் புல்தரையில் ஊற்றிவிட்டேன். பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.