ரசீது இல்லாத மருந்தைத் தக்காளிக்கு அடிக்கலாமா? (பெங்களூரு, ஆனேக்கல் பக்கம்)

ஆனேக்கல் தோட்டம்:
வணக்கம். ஆனேக்கல் பக்கம் குத்தகை நிலத்தில் தக்காளி போட்டிருக்கிறோம், பறிப்பு தொடங்கிவிட்டது. இப்போது நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு சிறுத்துப் போகின்றன. செடியைத் தட்டினால் வெள்ளை ஈ பறக்கிறது. மருந்துக் கடையில் சொன்னதும், "இயற்கை மருந்து, எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். ரசீது தரவில்லை. உள்ளே என்ன மருந்து என்று லேபிளில் இல்லை. நாளை மறுநாள் காய் பறித்துக் கலாசிபாளையம் சந்தைக்கு அனுப்ப வேண்டும். இன்றைக்கே அடிக்கலாமா?

மாலூர் அண்ணன்:
அடிக்காதீங்க தம்பி. முதலில் லேபிளில் பதிவு எண், மருந்தின் பெயரும் சதவீதமும், காலாவதித் தேதி, நச்சு முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. வேப்பெண்ணெய் மருந்தாக இருந்தாலும் பூச்சியைக் கொல்லும் என்று விற்றால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். "இயற்கை" என்று எழுதி உள்ளே ரசாயனத்தைக் கலந்து விற்பது நடக்கிறது. என்ன மருந்து என்றே தெரியாதபோது, எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று எப்படிச் சொல்வது? அதைச் சாப்பிடப் போவது பிள்ளைகளும்தான்.

ஆனேக்கல் தோட்டம்:
பார்த்தேன் அண்ணா, பதிவு எண்ணும் இல்லை, முக்கோணமும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து மீதி இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார்.

மாலூர் அண்ணன்:
வேண்டவே வேண்டாம். அதைக் காய்கறிக்கு அடிக்க 2005-லேயே தடை போட்டுவிட்டார்கள். 2013-இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் 23 குழந்தைகள் இறந்தார்களே, அந்தச் சாப்பாட்டில் கலந்திருந்தது இதுதான்.

ஹெசரகட்டா நாற்று:
நீங்கள் சொல்வது இலைச்சுருட்டை வைரஸ் மாதிரி இருக்கிறது. சுருண்ட செடியை எந்த மருந்தும் திருப்பாது. பரப்புகிற வெள்ளை ஈயைத்தான் அடக்க முடியும். ரொம்பச் சுருண்ட செடிகளை ஈ பறக்காத காலை நேரத்தில் பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். மருந்து தேவைப்பட்டால், லேபிளில் தக்காளி, வெள்ளை ஈ இரண்டும் எழுதியிருப்பதை ரசீதோடு வாங்குங்கள். முதலில் காய் பறித்துவிட்டு அப்புறம் அடியுங்கள். லேபிளில் சொன்ன காத்திருப்பு நாள் முடிந்த பிறகே அடுத்த பறிப்பு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ அதற்குப் பழகிவிடும். அடுத்த நடவுக்கு இங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகத்தைப் பாருங்கள், சுருட்டை வைரஸைத் தாங்கும்.

ஆனேக்கல் தோட்டம்:
ரொம்ப நன்றி. வாங்கிய பாட்டிலை என்ன செய்யட்டும்?

மாலூர் அண்ணன்:
திறக்காமல் அப்படியே ரைத சம்பர்க்க கேந்திராவுக்கு (அரசு வேளாண் துறையின் விவசாயிகள் உதவி மையம்) கொண்டுபோய், எந்தக் கடையில் எப்போது வாங்கியது என்று எழுதிக் கொடுங்கள். கடையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.