'தி வாக்கிங் டெட்' காமிக்ஸைப் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

உட்லண்ட்ஸ் மலர்:
என் மகன் நண்பனிடம் இரவல் வாங்கி 'தி வாக்கிங் டெட்' படிக்கிறான். நானும் 100ஆவது இதழ் வரை படித்தேன். 48ஆவது இதழில், தஞ்சம் புகுந்திருந்த சிறைச்சாலையிலிருந்து தப்பி ஓடும் நாயகன் ரிக்கின் மனைவி லோரியைக் கைக்குழந்தையோடு சுட்டுக் கொல்கிறார்கள். 100இல் ரிக்கின் கூட்டாளி கிளென்னை, எதிர்க்கூட்டத் தலைவன் நீகன் மட்டையால் அடித்தே கொல்கிறான். பிணங்கள் எழுந்து நடப்பது எனக்குப் பொருட்டே இல்லை. உலகம் சரிந்தால் பக்கத்து மனிதன்தான் முதல் எதிரி என்று இந்தக் கதை ஓயாமல் சொல்கிறது. சிங்கப்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீவக அடுக்குமாடி வீடுகளில், பல இனத்தவரோடு வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேண்டாம்.

தேக்கா கதிர்:
மலர் அக்கா, பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள். ராபர்ட் கிர்க்மன் எழுதிய இத்தொடர் 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள் வந்தது. 126ஆவது இதழில் ரிக், நீகனின் கழுத்தை அறுக்கிறான். பிறகு அவனைச் சாகவிடாமல் மருத்துவம் பார்க்கச் சொல்லிச் சிறையில் அடைக்கிறான். அடுத்த இதழில் இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். வயல் இருக்கும், ஊர்களுக்கிடையே வணிகம் நடக்கும். கடைசி இதழில் பெரிய சண்டையே கிடையாது, ஒரு வழக்கு விசாரணைதான். வாளோடு அறிமுகமான மிஷோன் நீதிபதியாக அமர்ந்திருக்கிறாள். பழிவாங்குவதிலிருந்து நீதிமன்றம் வரை மனிதர்கள் நடந்த தூரம்தான் இந்தக் கதை.

உட்லண்ட்ஸ் மலர்:
நீங்கள் சொன்னதே என் வாதம், தம்பி. கிளென்னின் சாவைப் பக்கம் பக்கமாக வரைந்தவர்கள், நிலத்தைத் திருத்தி ஊரை நிமிர்த்திய இரண்டு ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்துவிட்டார்கள். பிள்ளையின் மனத்தில் எது தங்கும்?

ஈசூன் தாத்தா:
இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும். நான் காமிக்ஸ் அதிகம் படித்தவன் அல்லன். ஆனால் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இங்கே வாழ்ந்த அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அரிசி கிடைக்காமல் வீட்டைச் சுற்றி மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். கிழங்கைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்தார்கள். அதே ஊரில்தான், ஜப்பானியர் நடத்திய சூக் சிங் படுகொலையின்போது முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் ஆள் காட்டினார்கள். காட்டப்பட்ட சீன ஆண்கள் கடற்கரைகளுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சுடப்பட்டார்கள். மலர், காட்டிக்கொடுத்தவன் நம் தெருவிலும் இருந்தான் என்பதைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள் அம்மா. கதையில் அது வருவது பொய்யல்ல.

உட்லண்ட்ஸ் மலர்:
ஐயா, மறைக்கவில்லை. உங்கள் அம்மா சொன்னதில் கிழங்கும் இருந்தது, துரோகமும் இருந்தது. இந்தக் கதையில் கிழங்கு எங்கே?

தேக்கா கதிர்:
இருக்கிறது அக்கா. சிறைச்சாலைக்குள் ஹெர்ஷல் பயிர் செய்கிறாரே! நீங்கள் படித்த பகுதிதான்.

உட்லண்ட்ஸ் மலர்:
அந்த ஹெர்ஷலையும் அதே 48ஆவது இதழில் கொன்றுவிடுகிறார்கள், கதிர்.

தேக்கா கதிர்:
கொல்கிறார்கள். ஆனால் அவர் மகள் மேகி தன் மகனுக்கு அவர் பெயரையே வைக்கிறாள். நடைபிணங்களை நோயாளிகள் என்று நம்பிக் களஞ்சியத்தில் பூட்டி வைத்தவர் பெரிய ஹெர்ஷல். பேரனோ அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டுகிறான். ரிக்கின் மகன் கார்ல் அவற்றை அழித்ததற்காகத்தான் கடைசி வழக்கே. பேரழிவைக் காணாத தலைமுறை அதை வேடிக்கையாக்கும் என்று கிர்க்மன் அஞ்சுகிறார். நம் பிள்ளைகளிடம் இதைவிட அவசரமாகப் பேச வேண்டியது என்ன இருக்கிறது?

உட்லண்ட்ஸ் மலர்:
அது பேச வேண்டியதுதான். 127ஆவது இதழ் முதல் உள்ள தொகுப்புகளை எனக்குக் கொடுங்கள். நான் முடிக்கும்வரை மகன் கையில் தரமாட்டேன்.